குடிமீட்புக் குழுவை எப்படித் தேடுவது? முதலில் ஓர் ஆளைப் பிடியுங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஆஸ்பத்திரியில் சேர்ந்து குடியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர், "பக்கத்தில் ஏதாவது ஆதரவுக் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினார். தேடிப் பார்த்தால் பெயர்களும் முகவரிகளும் வருகின்றன. எது உண்மையில் நடக்கிறது, எது தனக்குச் சரிப்படும் என்று தெரியவில்லை. கடவுள் நம்பிக்கை கிடையாது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. மனைவியைக் கூட்டிப் போகலாமா?

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் பல வருடம் கவுன்சிலராக வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முதலில் ஒரே வரியில்: நல்ல குழு எது என்று ஆராய்வதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், ஏற்கெனவே ஒரு குழுவுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஓர் ஆளை இன்று அல்லது நாளைக்குள் போனில் பிடியுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம் தானாக வரும்.

ஆரம்பிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. இது உங்களுக்கு இல்லை, நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இதைப் படிக்கிற வேறு யாராவது இன்னும் தினமும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தால், குழுவுக்குப் போகிறோமே என்ற உற்சாகத்தில் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆரம்பிக்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 2 முதல் 4 நாளுக்குள் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குச் சிலர் போய்விடுவார்கள். இதற்கு மருந்து உண்டு. டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். குழு என்பது அதற்கு அடுத்த கட்டத்துக்கான உதவி. அந்த ஆபத்தைக் குழுவால் தடுக்க முடியாது.

சரி, ஏன் முகவரியை விட ஆள் முக்கியம் என்கிறேன்? 1981இல் சிசன், மல்லாம்ஸ் என்ற இருவர் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். குடிக்காகச் சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல அறிவுரை, கூட்டம் நடக்கும் இடம், நேரம் எல்லாம் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு பாதிக்கு, கவுன்சிலர் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, குழுவில் இருக்கும் ஒருவருக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார்கள். அந்த உறுப்பினர் பேசி, கூட்டத்துக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னார். இந்தப் பாதியில் எல்லோரும் கூட்டத்துக்குப் போனார்கள். முகவரி வாங்கிக்கொண்டு போன பாதியில் ஒருவர்கூடப் போகவில்லை. இருபதே பேர்தான், அதை வைத்துப் பெரிய சட்டம் எதுவும் போட முடியாது. ஆனால் சிகிச்சைப் பிரிவில் நான் பார்த்ததும் அச்சு அசல் இதுதான். சீட்டில் எழுதிக் கொடுத்த முகவரி சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும். "ஏழு மணிக்கு வாசலில் நிற்கிறேன், வந்துவிடுங்கள்" என்று ஒரு மனிதர் சொல்லியிருந்தால், வராமல் இருக்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் ரொம்ப நல்லது.

அந்த ஆளை எங்கே தேடுவது?

முதல் இடம், நீங்கள் சிகிச்சை பெற்ற அதே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் மறுபடியும் கேட்க வேண்டாம், அவருக்குக் குழுவின் பெயர் தெரியும், அவ்வளவுதான். வார்டு நர்ஸ், கவுன்சிலர், சமூகப் பணியாளர் இவர்களில் ஒருவரைப் பிடியுங்கள். "எங்கே கூட்டம் நடக்கிறது?" என்று கேட்டால் மறுபடி ஒரு முகவரிதான் கிடைக்கும். "உங்களிடம் சிகிச்சை எடுத்தவர்களில் இப்போது குழுவுக்குப் போய்க்கொண்டிருக்கிற யாரையாவது கேட்டு, என்னைக் கூப்பிடச் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். அவர்களாக இன்னொரு நோயாளியின் நம்பரைத் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் உங்கள் நம்பரை வாங்கி, சம்மதம் உள்ள ஒருவரிடம் கொடுப்பதில் தடை இருக்காது. பல சிகிச்சைப் பிரிவுகளுக்கு வாரம் ஒருமுறை குழுவிலிருந்து ஆட்கள் வந்து பேசுவார்கள். அந்த நாள் எது என்று கேட்டு, அன்றைக்கு அங்கே போய் நின்றாலே போதும்.

இரண்டாவது, குழுக்களின் சொந்தத் தளங்கள். குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் பெயர் வெளியிடாமல் கூடி ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், எல்லோரும் சொல்கிறபடி ஏ.ஏ., ஏறக்குறைய 180 நாடுகளில் இருக்கிறது. அதன் தளத்தில் நாடுவாரியாகத் தொடர்பு கிடைக்கும். 'மீட்டிங் கைடு' என்று அவர்களே நடத்தும் ஒரு செயலியும் உண்டு; அது எல்லா நாட்டுக் கூட்டங்களையும் காட்டாது. பொதுத் தேடலில் முதலில் வந்து விழுபவற்றில் பல, தனியார் மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள். 'உதவிக்கு அழையுங்கள்' என்றிருக்கும், அழைத்தால் எத்தனை நாள் அட்மிஷன் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அது வேறு சேவை. நீங்கள் தேடுவது காசு வாங்காத, உங்களைப் போன்றவர்களே நடத்துகிற கூட்டம். போனை எடுத்தவர் முதல் இரண்டு நிமிடத்தில் கட்டணம் பேசினால், வைத்துவிடுங்கள்.

பட்டியலில் இருக்கும் நேரத்தையும் இடத்தையும் நம்பி நேரே போய்விடாதீர்கள். கூட்டங்கள் இடம் மாறும், கிழமை மாறும், சில நின்றே போயிருக்கும். தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு போய், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி வருகிற ஆளுக்கு அன்றைய சாயங்காலம் ரொம்ப ஆபத்தானது. அதனால் போன்தான் முதலில். பகலில் அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் அது செத்துப்போன நம்பர் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பவரும் வேலைக்குப் போகிறவர், தன் நேரத்தைக் கொடுத்துச் செய்கிறவர். சாயங்காலம் அடியுங்கள், செய்தியும் அனுப்பி வையுங்கள்.

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பலர் போனை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். இவ்வளவு போதும்:

"வணக்கம் சார். குடியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. கூட்டத்துக்கு வரலாம் என்று நினைக்கிறேன். இதுவரை வந்ததில்லை."

"ரொம்ப சந்தோஷம் சார். உங்களுக்கு எந்தப் பக்கம்? இன்றைக்கே ஒன்று இருக்கிறது, வர முடியுமா?"

"நான் முதல் தடவை வருகிறேன். யாராவது வாசலில் இருப்பீர்களா?"

அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, எவ்வளவு குடித்தீர்கள் என்ற கதையும் இப்போது வேண்டாம். பேசியவரே வர முடியாவிட்டாலும் வேறு யாரையாவது நிற்கச் சொல்வார். பழைய உறுப்பினர்கள் இந்தப் போனைத் தொந்தரவாக நினைப்பதில்லை. புதிதாக ஒருவருக்கு உதவுவதுதான் தாங்கள் குடிக்காமல் இருப்பதற்கான வழி என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள்.

ஏ.ஏ. தொடங்கிய கதையே இதுதான். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தை ஆள் வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போயிருந்தார். குடியை நிறுத்திச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த காரியம் கெட்டுப்போனது. தங்கியிருந்த மேஃப்ளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் போன். அவர் போன் பக்கம் போனார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரைப் பிடித்து, அவர் மூலம் ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்து, ஹென்ரியெட்டா சீபர்லிங் என்ற பெண்மணியை அடைந்தார். அவர் மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தை அறிமுகப்படுத்தினார். ஸ்மித்தும் குடியால் தொழில் நாசமான அறுவை மருத்துவர். பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். ஸ்மித் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10தான் ஏ.ஏ.வின் தொடக்க நாள். மறுபடி குடிக்காமல் இருக்க வில்சனுக்கு அன்று தேவைப்பட்டது இன்னொரு குடிகாரர். நீங்கள் கையில் நம்பரோடு உட்கார்ந்திருக்கும்போது செய்யப்போவதும் அதேதான், அவருக்கு இருந்த சிரமம் உங்களுக்கு இல்லை.

இனி, கடவுள் விஷயம். உறுப்பினர்கள் ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்க ஏ.ஏ. வகுத்திருக்கும் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்று சேர்த்திருக்கிறார்கள். நடைமுறையில் இது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். சில இடங்களில் பிரார்த்தனை வாடை தூக்கலாக இருக்கும். சில இடங்களில் 'என்னைவிடப் பெரிய சக்தி இந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்' என்று சொல்கிற நாத்திகர்கள் இருபது வருடமாக வந்துகொண்டிருப்பார்கள். உறுப்பினராவதற்கு ஏ.ஏ. கேட்பது ஒன்றே ஒன்று: குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். நம்பிக்கை அந்த நிபந்தனையில் இல்லை. என் கருத்தைக் கேட்டால், உங்களுக்குப் போய் வரும் தூரத்தில் ஏ.ஏ. மட்டும்தான் இருக்கிறது என்றால், கடவுள் வரும் இடத்தில் சும்மா இருந்துவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்தில் கொள்கைச் சண்டைக்கு உங்களிடம் தெம்பு கிடையாது.

தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் வேறு வகைகளையும் பாருங்கள். 'ஸ்மார்ட் ரெக்கவரி' 1994 முதல் தனி அமைப்பாக இயங்குகிறது. அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையிலிருந்து எடுத்த பயிற்சிகள்தான் அதன் அடிப்படை. குடிக்கவேண்டும் என்ற உந்துதல் எழும்போது என்ன செய்வது, அதற்கு முன் மனதில் ஓடிய எண்ணம் என்ன என்று எழுதிப் பார்த்து அலசுவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார், ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பேசலாம், 'நான் குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை. பெண்களுக்கென்றே 1975இல் ஜீன் கிர்க்பாட்ரிக் தொடங்கிய 'விமன் ஃபார் சோப்ரைட்டி' இருக்கிறது. ஆண்கள் நிறைந்த அறையில் பேச முடியாத பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். கிறிஸ்தவப் பின்னணியில் வந்த 'நீலச் சிலுவை' 1877இல் ஜெனீவாவில் ஆரம்பித்தது, ஏ.ஏ.வுக்கும் அரை நூற்றாண்டு மூத்தது. ஜப்பானில் 'டான்ஷுகாய்' என்ற குழுக்களில் குடும்பத்தோடு வந்து உட்காருகிறார்கள், பெயர் மறைப்பது கிடையாது. வழிகள் பலவிதம் என்பதற்காகச் சொல்கிறேன், எல்லாவற்றையும் தேடி அலைய அல்ல. இவற்றில் பெரும்பாலானவை ஏ.ஏ. அளவுக்குப் பரவியிருக்கவில்லை. நேரில் கிடைக்காவிட்டாலும் ஸ்மார்ட் போன்றவை ஆன்லைனில் நடக்கின்றன.

'இதெல்லாம் உண்மையில் பலன் தருமா, இல்லை பஜனை மடமா' என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, அவற்றில் கலந்துகொண்ட 10,565 பேரைச் சேர்த்து ஒரு மதிப்பீடு வெளியிட்டது. ஏ.ஏ. கூட்டங்களோடு நோயாளிகளை முறையாக இணைத்துவிடுகிற சிகிச்சைகள், அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை போன்றவற்றோடு ஒப்பிடுகையில், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் கூடுதல் பலன் தந்தன. குடிநாட்களைக் குறைப்பது போன்ற மற்ற அளவுகளில் ஏறக்குறைய சமம். இதிலும் 'முறையாக இணைத்துவிடுகிற' என்ற பகுதியைக் கவனியுங்கள். சும்மா பெயரைச் சொல்லி அனுப்பியதை யாரும் அங்கே சிகிச்சை என்று எண்ணவில்லை.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? கூட்டத்தில் உங்களைப் பார்ப்பவர் அங்கே எதற்கு வந்திருக்கிறார் என்று யோசியுங்கள். அவருக்கும் அதே பயம் இருந்தது. ஏ.ஏ.வில் முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், வருகைப் பதிவேடு கிடையாது, அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அடிப்படை ஒழுங்கு. இது சட்டம் போட்ட ரகசியம் இல்லை, மனிதர்கள் காக்கிற ரகசியம். ஆகவே வேலை போய்விடும் அளவுக்கான விஷயங்களையோ வழக்குச் சமாச்சாரத்தையோ முதல் நாளே கூட்டத்தின் நடுவில் கொட்ட வேண்டாம். நம்பிக்கை வந்த ஒருவரிடம் தனியாகப் பேசலாம். ரொம்பக் கூச்சமென்றால் இரண்டு ஏரியா தள்ளி நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: குடித்துவிட்டு விழுந்து கிடந்தபோது பார்த்தவர்களை நினைத்துப் படாத வெட்கம், நிறுத்தப் போகும்போது மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. பலரிடம் பார்த்திருக்கிறேன். போகாமலிருக்க மனம் கண்டுபிடிக்கிற காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பத்து நிமிடம் முன்னால் போங்கள். ஒரு சாதாரண அறை, வட்டமாகவோ வரிசையாகவோ நாற்காலிகள், ஓரமாக ஒரு மேஜையில் துண்டுப் பிரசுரங்கள். ஒருவர் ஆரம்பித்து முன்னுரை வாசிப்பார். "புதிதாக யாராவது வந்திருக்கிறீர்களா?" என்பார்கள். கையைத் தூக்கினால் கைதட்டுவார்கள், தூக்காவிட்டாலும் யாரும் துருவ மாட்டார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள். இதை 'ஷேரிங்' என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதோ அறிவுரை சொல்வதோ கிடையாது. முதலில் இது விசித்திரமாக இருக்கும். ஒரு மனிதர் வீட்டில் நகையைத் திருடி விற்றதைச் சொல்லி முடிப்பார், எல்லோரும் "நன்றி" என்பார்கள், அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். இரண்டு மூன்று வாரம் போனால் அந்த "நன்றி"யின் அருமை புரியும்: உங்களை யாரும் திருத்தப் பார்க்கவில்லை. உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும், தாண்டிப் போய்விடுவார்கள். கடைசியில் ஒரு பையோ உண்டியலோ சுற்றி வரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்கள் போடுவது அது. புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடமிருந்து ஏ.ஏ. நன்கொடை வாங்குவதில்லை.

ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடியும். நீங்கள் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட நினைப்பீர்கள். ஓடாதீர்கள். கூட்டத்தைவிட முக்கியமானது அதற்கப்புறம் வரும் கால் மணி நேரம். யாராவது வந்து பேசுகிறார்களா? நம்பர் கேட்கிறார்களா, தங்கள் நம்பரைத் தருகிறார்களா? "நாளைக்குச் சாயங்காலம் எப்படி இருக்கும் உங்களுக்கு?" என்று கேட்கிறார்களா? ஒரு குழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இது. அழகாகப் பேசுகிற கூட்டங்கள் உண்டு. முடிந்ததும் எல்லோரும் தெரிந்தவர்களோடு கும்பலாகப் போய்விடுவார்கள், புதியவர் சுவரோரம் நிற்பார். அங்கே இன்னொரு தடவை போய்ப் பாருங்கள், அப்போதும் அதே கதை என்றால் வேறு அறை தேடுங்கள். உட்கார்ந்திருப்பவர்கள் கலவையாக இருக்க வேண்டும்: பல வருடம் ஆனவரும் வேண்டும், சில நாளே ஆனவரும் வேண்டும். எல்லோருமே பதினைந்து வருடம் என்றால் அந்தக் குழுவுக்குப் புதியவர்கள் தங்குவதில்லை என்று அர்த்தம். எல்லோருமே ஒரு மாதம் என்றால், சறுக்கும்போது பிடிக்க ஆள் இல்லை.

ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு 'ஏ.ஏ. எனக்குச் சரிப்படாது' என்று சொல்கிறவர்கள் நிறைய. ஒரே பெயரில் நடந்தாலும் ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நடப்பது. செவ்வாய்க்கிழமை அறைக்கும் சனிக்கிழமை அறைக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் குறைந்தது மூன்று வெவ்வேறு கூட்டங்களாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கூட்டங்களில் 'திறந்த', 'மூடிய' என்று இரண்டு வகை இருக்கும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினரும் ஆர்வமுள்ளவர்களும் வரலாம். மூடியதில் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புகிறவர்கள் மட்டும்.

எப்போது எழுந்து வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் இளகிய நிலையில் இருப்பார்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் காதில் வாங்காதீர்கள். குடியிலிருந்து விலகியிருக்கத் தரும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்பிராம், மனச்சோர்வு மாத்திரை எதுவானாலும் அது உங்களுக்கும் டாக்டருக்கும் இடையிலான விஷயம். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக்கூடாது என்று ஏ.ஏ.வே பிரசுரம் போட்டுச் சொல்கிறது. இருந்தாலும் "மாத்திரை போட்டால் அது உண்மையான மீட்சி இல்லை" என்கிற ஒரு பெரியவர் எங்காவது இருப்பார். கடன் கேட்கிறவர், தொழிலில் பங்கு சேரச் சொல்கிறவர், குறிப்பிட்ட ஒரு மையத்துக்கு ஆள் பிடிக்கிறவர் இவர்களிடமிருந்தும் விலகியிருங்கள். புதிதாக வந்தவர்களைக் காதல் வலையில் இழுக்கிற பழக்கத்துக்கு அந்த வட்டாரத்தில் '13வது படி' என்று கேலிப் பெயரே உண்டு. பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அதனால்தான் வழிகாட்டி, அதாவது 'ஸ்பான்சர்', ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். ஸ்பான்சரை முதல் வாரமே தேட வேண்டாம். யார் பேசும்போது 'இவர் என் கதையைச் சொல்கிறாரே' என்று நிமிர்ந்து உட்கார்கிறீர்களோ, அவரிடம் கேளுங்கள். சரிப்படவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பக்கத்தில் எதுவுமே இல்லையென்றால்? ஆன்லைன் கூட்டம் 24 மணி நேரமும் உலகத்தில் எங்காவது நடந்துகொண்டிருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டும் உட்காரலாம். தொடங்குவதற்கு அது நல்ல வழி. ஆனால் கேமராவை அணைத்துவிட்டுக் கையில் கிளாஸோடு உட்கார்ந்திருந்தவர்களும் எனக்குத் தெரியும். ஆகவே ஆன்லைனோடு நேரில் ஒரே ஓர் ஆளாவது இருக்கட்டும். உங்கள் வார்டிலேயே உங்களோடு சிகிச்சை எடுத்தவர் ஒருவர் இருப்பாரே, அவரும் நீங்களும் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து பேசுங்கள். ஆக்ரனில் ஆரம்பித்ததும் இரண்டு பேர்தான். நெடுங்காலம் கப்பலில் இருப்பவர்களும் தனித்த இடங்களில் வாழ்பவர்களும் கடிதம் எழுதியே ஏ.ஏ.வில் இருந்திருக்கிறார்கள்.

எத்தனை கூட்டம் போக வேண்டும்? '90 நாளில் 90 கூட்டம்' என்பார்கள். அது விதி அல்ல, அந்த வட்டாரத்துப் பேச்சு. வேலை, வீடு எல்லாம் வைத்துக்கொண்டு முதல் மூன்று மாதம் வாரம் மூன்று முடிந்தால் நல்லது. எந்த நேரத்தில் உங்களுக்குக் கை பரபரக்குமோ அந்த நேரத்துக் கூட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சம்பள நாள், சனிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற ஏழு மணி. ஞாயிறு காலையில் நடக்கும் அருமையான கூட்டத்தைவிட, சனி இரவு நடக்கும் சுமாரான கூட்டம் உங்களுக்கு உபயோகம்.

மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அவருக்கும் குழு உண்டு. அவருக்கென்றே தனியாக உண்டு. 'அல்-அனான்' 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து அமைத்தது. குடிக்கிறவர்களின் வீட்டார் கூடும் இடம். பிள்ளைகள் பதின்வயதில் இருந்தால் அவர்களுக்கு 1957 முதல் 'அலட்டீன்'. உங்களைத் திறந்த கூட்டத்துக்குக் கொண்டுவந்து விடவும் கேட்கவும் அவர் வரலாம், ஒருமுறை வந்து பார்ப்பது நல்லதும்கூட. ஆனால் ஒவ்வொரு தடவையும் காவலுக்கு வருவதாக ஆகிவிடக்கூடாது. அவருக்கு இத்தனை வருடக் கோபமும் அசதியும் இருக்கும், அதைச் சொல்ல உங்கள் எதிரில் முடியாது. நீங்கள் நிறுத்தியதும் வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று இருவருமே எதிர்பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் சண்டை அதிகம் வரும். அவர் போவதற்கு நீங்கள் நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. இன்னும் குடிக்கிறவர்களின் மனைவிமார்தான் அங்கே நிறைய.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால்? சறுக்கல் பலருக்கு வருகிறது. சறுக்கியதைவிட, அப்புறம் வெட்கப்பட்டுக் குழுவை விட்டு மறைந்துபோவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. மறுநாளே போங்கள், முடிந்தால் அன்றைக்கே. குடித்த நிலையில் வந்தவரைப் பெரும்பாலான கூட்டங்கள் விரட்டுவதில்லை, தொந்தரவு செய்யாதவரை உட்கார்ந்து கேட்க விடுவார்கள். பேச மட்டும் வேண்டாம் என்பார்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டீர்கள் என்றால் மேலே சொன்ன எச்சரிக்கை மறுபடி உங்களுக்கும் பொருந்தும், முதலில் டாக்டர். உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்தால் கூட்ட நேரம்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

குடிக்கத் தோன்றும்போது ஏ.ஏ. ஆட்கள் நான்கைக் கேட்டுக்கொள்ளச் சொல்வார்கள்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? முதலாவதும் கடைசியும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் தீர்ந்துவிடும். நடுவில் இருக்கும் இரண்டுக்குத்தான் போனில் நம்பர் வேண்டும். ஒரு நம்பர் போதாது, அவர் கூட்டத்திலோ தூக்கத்திலோ இருக்கலாம். முதல் மாதத்துக்குள் நான்கைந்து நம்பராவது சேர்த்துவிடுங்கள், ஒன்றுமில்லாத சாதாரண நாளிலேயே அவர்களை இரண்டொரு தடவை அழைத்துப் பழகுங்கள். நெருக்கடியில் முதல் தடவையாக ஒருவரை அழைக்க யாருக்கும் கை வராது.